உப்புவெளியில் ஒரு புரளி

பண்ணையாரம்மாவுக்கும் அவள் தங்கச்சிக்கும் பேச்சுவார்த்தை நின்று அன்றோடு பதினொரு நாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு குழி. உப்புத்தண்ணீர் ஊறுகிற குழியை அக்காக்காரி மூன்று நாள் பாடுபட்டுத் தோண்டி வைத்திருக்க, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தங்கச்சி தன் பிள்ளைகுட்டிகளோடு வந்து மொத்தத்தையும் உறிஞ்சிவிட்டுப் போய்விட்டாள். கூடப்பிறந்தவள்! அதற்குப் பிறகு ஒருத்தி கிழக்கே நின்றால் இன்னொருத்தி மேற்கே. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு டன் எடை என்பதால் நடுவில் புகுந்து சமாதானம் பேசவும் யாரும் முன்வரவில்லை.

ஆவுடையம்மாளுக்கு இந்த விஷயம் முதல் நாளே தெரியும். தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்த தெருவில், சுவருக்கு அந்தப்பக்கம் தாளிக்கிற சத்தத்தை வைத்தே மாமியார் மருமகள் சண்டை எந்த மட்டில் நிற்கிறது என்று சொன்னவள். இப்போது காங்கோ நாட்டின் வடகோடியில், தார்ச்சாலையிலிருந்து மூன்று நாள் படகுப் பயணத் தூரத்தில், முப்பதடி உயர மரப்பரணில் சம்மணமிட்டு அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறாள். கொடுத்து வைத்தவள்.

பரணுக்கு எதிரே விரிந்து கிடந்தது உப்புவெளி. சுற்றிலும் வெயில்கூடத் தரை வந்து சேராத காடு. நடுவில் மட்டும் ஒரு மைல் நீளத்துக்கு மரமே இல்லாமல் சேறும் புல்லும் ஓடையும். அந்த மண்ணில் உப்பு இருக்கிறது. அதற்காக அறுபது மைலிலிருந்தெல்லாம் யானைகள் நடந்து வரும். வந்து, முன்னங்காலை மடித்து, தும்பிக்கையை மண்ணுக்குள் முழுசாக நுழைத்து, புஸ்ஸென்று ஊதி, அடியில் ஊறுவதை உறிஞ்சும். இவை காட்டு யானைகள்; நம்மூர் யானையைவிடக் குட்டை, காது வட்டம், தந்தம் வளையாமல் நேரே தரையைப் பார்த்து இறங்கும். காலையில் மஞ்சள் சேற்றில் புரண்டு மஞ்சளாக நின்றவள் சாயங்காலம் செம்மண்ணில் புரண்டு சிவப்பாக வருவாள்.

"சேலை மாத்திட்டு வாரா பாரு" என்பாள் ஆவுடையம்மாள்.

யானைகள் மட்டுமா? கொரில்லாக் குடும்பம் ஒன்று தினம் பத்து மணிக்கு ஓடையில் இறங்கி, கோரைப்புல்லை வேரோடு பிடுங்கி, சேறு போகக் கழுவிக் கழுவித் தின்னும். அந்தச் சுத்தத்தைப் பார்த்து ஆவுடையம்மாள் அசந்து போனாள். செந்நிற எருமைகள் குட்டித் தூக்கம் போடும். சாம்பல் கிளிகள் ஐந்நூறு அறுநூறாகச் சுழன்று இறங்கி, சிவப்பு வாலைக் காட்டிவிட்டு, இறங்கியது தப்பு என்று நினைத்தாற்போல் மறுபடி கிளம்பும். மனிதக் கண்ணீரைக் குடிக்க வரும் குட்டித் தேனீக்கள் மட்டும்தான் அவளுக்குப் பிடிக்காது. அழாதவள் கண்ணில் உட்கார்ந்து என்ன எதிர்பார்க்கின்றனவோ!

அவளை இங்கே இழுத்து வந்தவன் எபனேசர். பக்கத்து வீட்டு சாமுவேல் வாத்தியார் மகன். சின்ன வயதில் அவள் வீட்டு முருங்கைக்காயைத் திருடியவன், இப்போது யானைக் குரலை ஆராய்கிறவன். ஆறு மாதத்துக்கு முன் பாளையங்கோட்டைக்கு வந்து, காப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"யானை நம்ம காதுக்கு எட்டாத அடிக்குரல்ல பேசும் அத்தை. அது காத்துலயும் போகும், மண்ணு வழியாவும் போகும். காடு பூரா அறுவது காது புதைச்சு வச்சிருக்கோம். யாரு பேசுனா, யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, எவ பதில் சொன்னா, எல்லாத்தையும் எங்க கணினிப் பெட்டி சொல்லிரும். என்ன பேசுனாங்கன்னுகூட பாதி சொல்லிரும்."

"பெறவு என்னலே? அதான் எல்லாத்தையும் சொல்லுதுல்லா?"

"ஏன் பேசுனாங்கன்னு சொல்ல மாட்டேங்குது. 'நான் இங்க இருக்கேன்'னு ஒருத்தி சொல்லுதா. அதுக்கு இன்னொருத்தி எதுக்கு மூஞ்சியைத் திருப்பிட்டுப் போறா? பெட்டிக்குப் புரியலை. எங்க ஆளுங்க பதினாறு பேருக்கும் புரியலை."

"அவ எந்தக் குரல்ல சொன்னா?"

எபனேசர் கைபேசியில் போட்டுக் காட்டினான். மனிதக் காதுக்கு எட்டும்படி ஏற்றப்பட்ட குரல். மூன்று விநாடி உறுமல்.

"இது 'இங்க இருக்கேன்' இல்லலே. 'நான் இங்கதான் இருக்கேன், வந்து பாக்க ஒனக்கு என்ன கேடு'ன்னு கேக்கா" என்றாள் ஆவுடையம்மாள். அடுத்த மாதம் அவளுக்கு விமானச் சீட்டு வந்துவிட்டது.

வந்த ஆறு வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு யானைகளுக்கும் பெயர் வைத்தாள், உறவுமுறை போட்டாள். மூத்தவள் பண்ணையாரம்மா. எப்போதும் குட்டியை மற்றவளிடம் தள்ளிவிட்டுத் தின்னப் போகிறவள் மெத்தவீட்டுக்காரி. பெண்கள் கூட்டத்துக்கு வெளியே வெட்கமில்லாமல் காத்து நிற்கும் கொம்பன், மாப்பிள்ளைத்துரை. காது கிழிந்து, ஒரே மகளோடு கூட்டம் கூட்டமாகப் போய் ஒட்டிக்கொண்டு, எங்கேயும் நிலைக்காதவள் ஒத்தவீட்டுக்காரி. பதினாறு விஞ்ஞானிகளும் தங்கள் எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் பெயர்களையே எழுத ஆரம்பித்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் 'மெத்தவீட்டுக்காரி' என்று சொல்லப் பழகுவதற்குள் பாவம், பல்லே பெயர்ந்திருக்கும்.

பெட்டிக்குக் காதுகள் மட்டுமல்ல, ஆறு வாய்களும் உண்டு. இடுப்புயரக் கம்பங்கள். யானையின் அடிக்குரலிலேயே திருப்பிப் பேசக்கூடியவை. ஆனால் அவசரத்துக்கு மட்டும்தான் பேசலாம் என்று கட்டுப்பாடு. அதனால் நாலு மாதமாக அவை வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று ஆவுடையம்மாளுக்குத்தான் தெரியும்.

அந்த அவசரத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார் குழந்தைவேலு. கோயம்புத்தூர்க்காரர். தாதுமண் ஏற்றிப்போகக் காட்டு வழியே ரயில் பாதை போடும் கம்பெனியின் மேலாளர். சேற்றிலும் மடிப்புக் கலையாத சட்டை. கையில் முந்திரி அல்வா.

"வணக்கமுங்க்கா. சௌக்கியங்களா? ஒண்ணுமில்லீங்க, வடக்கால பாறை வெடிக்கறம். பத்து நாள் வேலை. கல்லு பறந்து வந்து ஏதாச்சும் ஆச்சுன்னா நம்மளுக்குத்தானுங்க பாவம். பத்தே பத்து நாளைக்கு ஆனைங்களக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லீட்டீங்கன்னா... வாயில்லாச் சீவனுங்க பாருங்க."

"வாயில்லையா? நாலு நாள் இங்கன இருந்து பாரும். தூங்க விட மாட்டாளுவ."

எபனேசரின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சம்! யானைகளிடம் பேசப் போகிறான், அதுவும் அவற்றைக் காப்பாற்ற. முதல் கம்பத்தை முடுக்கி, பண்ணையாரம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முழுச் சத்தத்தில் சொன்னான்: ஆபத்து, கிளம்பு.

பண்ணையாரம்மா கம்பத்தருகே வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். தும்பிக்கை நிறையச் சேற்றை அள்ளி அதன் வாயில் அப்பினாள். மூன்று முறை சொன்னான்; மூன்று முறையும் சேறு. கடைசியில் அவள் பேரன் ஒருவன் வந்து கம்பத்தில் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு போனான்.

ஆவுடையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கோட்டிப் பயலே. வீட்டுக்குப் பெரியவகிட்ட போயி, ஒம்ம வீட்டுக்கு ஆபத்துன்னு நேருக்கு நேரா சொல்லுவாங்களா? எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுட்டோன்னு சேத்தைத்தான் அப்புவா. விசயத்தை அவகிட்ட சொல்லப்படாது. சொல்லாம இருக்க முடியாதவகிட்ட சொல்லணும். அதுவும் சத்தமாச் சொல்லப்படாது."

"அப்புறம்?"

"ஒத்தவீட்டுக்காரி பேரைச் சொல்லிக் கூப்பிடு. வேற யாருக்கும் கேக்காத மாதிரி, சன்னமா. ஒரே ஒரு தடவை. பெறவு வாயை மூடிக்கோ."

ஊர் பேர் தெரியாத ஒரு யானையின் குரலில், தெற்கு ஓரத்துக் கம்பத்திலிருந்து, பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் எட்டும் அளவில் எபனேசர் அதைச் சொன்னான்: வடக்கே ஆபத்து.

ஒத்தவீட்டுக்காரி அசையாமல் நின்றாள். ஒரு முன்னங்காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டாள். கிழிந்த காது மெல்ல விரிந்தது. பிறகு, எதுவுமே கேட்காதவள் போல, மேய்ந்தபடியே நடந்து நடந்து பண்ணையாரம்மாவின் தங்கச்சி பக்கத்தில் போய் நின்றாள்.

"போயிட்டா, போயிட்டா! சொல்லுதா பாரு!" ஆவுடையம்மாள் எபனேசரின் தோளைப் பிய்த்து எடுத்துவிட்டாள்.

ஒத்தவீட்டுக்காரி பேசியதைக் காட்டிப் பெட்டியின் திரையில் ஒரு கோடு எரிந்தது. தங்கச்சியிடமிருந்து மெத்தவீட்டுக்காரிக்கு இன்னொரு கோடு. அங்கிருந்து மூன்று. அரைமணி நேரத்தில் காட்டின் வரைபடம் தீபாவளித் தெரு மாதிரி ஆகிவிட்டது. பெட்டி ஒவ்வொன்றையும் எழுத்தில் தந்துகொண்டே இருந்தது. முதலில் 'வடக்கே ஆபத்து'. மூன்றாவது வாயில் 'வடக்கேயும் கிழக்கேயும் ஆபத்து'. ஏழாவது வாயில் நெருப்பு சேர்ந்தது. பதினைந்தாவது வாயில் துப்பாக்கி. மதியத்துக்குமேல் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, முகம் தெரியாத ஒரு கிழவி, எல்லாவற்றையும் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, கண்ணு காது மூக்கு எல்லாம் வச்சுட்டாளுவ. எங்க தெரு தோத்துது" என்றாள் ஆவுடையம்மாள். பெருமையில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை உப்புவெளியில் ஒரு யானைகூட இல்லை.

எபனேசர் குழுவோடு கட்டிப்பிடித்துக் கூத்தாடினான். குழந்தைவேலு இன்னொரு டப்பா அல்வா அனுப்பினார். ஆவுடையம்மாள் மட்டும் இரண்டு நாளில் சோர்ந்து போனாள். கொரில்லாக்கள் கோரைப்புல் கழுவின, எருமைகள் தூங்கின, எல்லாம் சரிதான். ஆனால் வம்பு இல்லாத இடத்தில் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள்?

ஆறாம் நாள் எஸ்தெல் வந்தாள். காட்டுவாசிப் பெண், தடம் பார்த்து வழி சொல்பவள். யானைப் பாதைகள், எந்த மரம் எந்த வாரம் பழுக்கும், எறும்புப் படை எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு பேரும் காதில் மொழிபெயர்ப்பான் மாட்டியிருந்தார்கள். முதல் வாரம் அது எஸ்தெல் பேச்சைச் செய்தி வாசிக்கிற தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாளோடு நாலு மாதம் குப்பை கொட்டிய பிறகு, அதுவும் பாளையங்கோட்டைக்குக் குடிவந்துவிட்டது.

"அக்கா, ஒரு விசயம். யார்ட்டயும் சொல்லாதிய."

ஆவுடையம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "நான் எதுக்குளா சொல்லப் போறேன்? சொல்லு."

"எங்க அண்ணன் பொண்டாட்டி புதுசா ஒரு கூடாரத்துல சமையலுக்குப் போறா. எங்கன தெரியுமா? இந்த வெளிக்குத் தெற்கு ஓரத்துல. மரத்துக்குள்ள மறைவு கட்டி, சர்க்காரு ஆளுக நாலு பேரு ஆறு நாளா உக்காந்து எண்ணுதாவ."

"எதை எண்ணுதாவ? ஒண்ணுகூட இல்லையே."

"அதைத்தான் எண்ணுதாவ. ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு தெனமும் எழுதுதாவளாம். பத்து நாள் தொடர்ந்து ஒத்த யானைகூட வரலைன்னா, இது யானை புழங்காத நிலம்னு ஆயிருமாம். பெறவு ரயில் பாதை சுத்திப் போகாது. இதுக்குள்ளேயே போகும். சேத்தை மூடிட்டு."



"பாறை வெடிக்கலையா?" என்றான் எபனேசர் மெதுவாக.

"இந்த ஆறு நாள்ல ஒரு வெடிச்சத்தம் கேட்டியா தம்பி?"

கேட்கவில்லை. அவன் கேட்காத சத்தமே இந்தக் காட்டில் கிடையாது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய சத்தத்தை யோசிக்கவில்லை. அவன் பெட்டியை நோக்கிப் பாய்ந்தான். "இப்பவே சொல்லிருதேன் அத்தை. அது பொய், திரும்பி வாங்கன்னு."

"சொல்லாதலே!" அவள் அவன் கையைப் பிடித்தாள். "பொய்னு சொன்னியானா முடிஞ்சுது. என்னத்தையோ மறைக்காவன்னு இன்னும் நாலு காடு தள்ளிப் போயிருவாளுவ. விட்ட புரளியைத் திருப்பி எடுக்க முடியாது. அதைவிடப் பெரிசா ஒண்ணை விடணும்."

"உப்பு நல்லா ஊறுதுன்னு சொல்லுவோமா?"

"உயிருக்கு ஆபத்துன்னு ஓடுனவ உப்புக்கு வருவாளா?"

அவள் யோசித்தாள். யோசிக்கவே வேண்டியதில்லை, விடை முன்னாலேயே வந்து நின்றது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பண்ணையாரம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு மழைக்காலத்துக்கு முன்னால், தெற்கே துப்பாக்கிக்காரர்கள் நடமாடிய சமயத்தில் காணாமல் போனவள். செத்தாளா, தூரதேசம் போனாளா, பெட்டிக்கே தெரியாது. சாயங்காலங்களில் பண்ணையாரம்மா தெற்கு ஓரத்தில் போய் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுக் காதை விரித்துக் காத்திருப்பாள். கால்மணி நேரம். பிறகு திரும்பிவிடுவாள். அந்தப் பெயருக்கு இதுவரை பதில் வந்ததில்லை. மகளின் பழைய குரல் மட்டும் பெட்டியில் இருந்தது.

"அந்தப் பிள்ளை குரல் இருக்குல்லா" என்றாள் ஆவுடையம்மாள்.

எபனேசர் நிமிர்ந்தான். அவன் கண்ணில் முதலில் பளிச்சிட்டது மகிழ்ச்சிதான். முடியும் என்பதைக் கண்டுபிடித்தவனின் மகிழ்ச்சி. "முடியும் அத்தை! 'அம்மா, உப்புவெளில இருக்கேன்'. அந்த மூணும் தனித்தனியா இருக்கு. ஒட்டிரலாம்."

எஸ்தெல் எழுந்துவிட்டாள். "வேண்டாம்க்கா. என் தம்பி சுரங்க வேலைக்குன்னு போயி ஏழு வருசமாச்சு. அவன் குரல்ல எவனாச்சும் கூப்பிட்டா நான் போட்டது போட்டபடி ஓடுவேன். ஓடி வந்து பார்த்து அவன் இல்லைன்னு வைங்க. கூப்பிட்டவனை நான் மறக்க மாட்டேன்."

"இந்த மண்ணு போயிட்டா அவளுக்கு நிக்க எடம் இருக்காதுளா. அவளுக்கு மட்டுமா? இருநூத்திப் பதினாலு உசுரு."

"தெரியும். அதனாலதான் தடுக்கலை. வேண்டாம்னு மட்டும் சொல்லுதேன்."

ஆவுடையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். எபனேசர் பெட்டியோடு இருக்க வேண்டும், எஸ்தெல் வரமாட்டாள், மற்றவர்கள் நாலு கிலோமீட்டர் தள்ளி முகாமில். ஆகவே கம்பத்தை வெளியின் நடுவுக்கு அவளே சுமந்தாள். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் சேற்றில், எருமைகள் வேடிக்கை பார்க்க, இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டி அதை நட்டாள். அடியில் மண் தள்ளி மிதித்தாள். சாயவிடாமல் கட்டிப்பிடித்து நின்று பார்த்தாள். நன்றாக நின்றது.

இந்தத் தடவை ஒத்தவீட்டுக்காரி தேவைப்படவில்லை. இது யார் வழியாகவும் அனுப்பக்கூடிய செய்தியல்ல. ஏழாம் நாள் மதியம், முழுச் சத்தத்தில், மகள் குரல் தெற்கு நோக்கிப் போனது.

முதல் பதில் பதினொரு நிமிஷத்தில் வந்தது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால், ஊடே நின்ற யானைகள் ஒவ்வொன்றாகக் கடத்திக்கொடுத்து, பண்ணையாரம்மாவின் குரல். பெட்டி அதை எழுதவே இல்லை. எழுதத் தெரியவில்லை. திரையின் விளிம்பை முட்டி நின்றது கோடு.

எட்டாம் நாள் காலை பத்துமணி. குழந்தைவேலு மறைவுக்கூடாரத்து ஆட்களோடு தேநீர் குடிக்க வந்திருந்தார் என்று எஸ்தெல் பிற்பாடு சொன்னாள். முதலில் கிளிகள் எழும்பின. அறுநூறும் ஒரே வீச்சில். கொரில்லாத் தகப்பன் கையில் இருந்த புல்லைப் போட்டுவிட்டு நெஞ்சை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, இது தன்னால் ஆகிற காரியமில்லை என்று குடும்பத்தோடு ஒதுங்கிக்கொண்டது. பிறகு காட்டின் ஓரம் முழுக்க மரங்கள் ஆடின.

"வாராளுவ! எபி, வாராளுவலே! அங்க பாரு, கிழக்கேயும் வாராளுவ!"

யானைப் பாதைகள் ஏழும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. பண்ணையாரம்மா முதலில். நடையில்லை, ஓட்டம். காது இரண்டும் விரிந்து, தும்பிக்கை நீண்டு, சேறு மரஉயரம் தெறிக்க. அவளுக்கு ஒரு பக்கத்தில் யார் ஓடிவருகிறாள் என்று நினைக்கிறீர்கள்? பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சி! பின்னால் மெத்தவீட்டுக்காரி, தன் குட்டியைத் தானே கூட்டிக்கொண்டு. மாப்பிள்ளைத்துரை. நாலு காடு தள்ளி இருந்தவர்கள், பெயரே வைக்கப்படாதவர்கள். காணாமல் போன பிள்ளை வந்துவிட்டாள் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? ஒரு யானை பிளிறியது, ஐம்பது யானைகள் பதில் கொடுத்தன. பரண் அதிர்ந்தது. ஆவுடையம்மாள் எண்ணுகிறாள், தப்புகிறாள், மறுபடி எண்ணுகிறாள், சிரிக்கிறாள், கத்துகிறாள். நூற்று அறுபத்து மூன்று!

மறைவுக்குள் நாலு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து எழுதினார்கள். குழந்தைவேலு தேநீரை மடிப்புக் கலையாத சட்டையில் கொட்டிக்கொண்டு, "பாதையைச் சுத்தித்தானுங்க கொண்டு போகோணும் போல" என்றாராம். காரியம் முடிந்தது. உப்புவெளி பிழைத்தது. எபனேசர் பரணிலேயே மண்டியிட்டு ஜெபம் பண்ணினான்.

ஆவுடையம்மாளின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

கீழே பண்ணையாரம்மா தேடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இளம்பெண்ணின் வாய்க்குள்ளும் தும்பிக்கை நுனியை வைத்து வைத்துப் பார்த்தாள். இவள் இல்லை. இவளும் இல்லை. கூட்டம் முழுக்கப் பார்த்து முடித்துக் கடைசியில் நடுவில் நின்ற கம்பத்துக்கு வந்தாள். சேறு அப்பவில்லை. பிடுங்கி எறியவில்லை. மேலிருந்து கீழ்வரை முகர்ந்தாள். அடியில் மிதித்த மண்ணை முகர்ந்தாள். கட்டிப்பிடித்த இடத்தை ரொம்ப நேரம் முகர்ந்தாள். பிறகு தும்பிக்கையைத் தலைக்குமேல் உயர்த்தி, காற்றில் தேடி, மெல்லத் திருப்பி, பரணுக்கு நேரே நிறுத்தினாள்.

நூற்று அறுபத்து மூன்று யானைகளும் சத்தத்தை நிறுத்தின.

அடுத்த வாரமும் உப்புவெளி நிரம்பித்தான் இருந்தது. குழி தோண்டினார்கள், புரண்டார்கள், குட்டிகள் வழுக்கி விழுந்தன. பெட்டியில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. எபனேசர் அறுபது காதுகளையும் தோண்டி எடுத்துத் துடைத்துப் புதைத்தான். எல்லாம் வேலை செய்தன. கரையான் நடப்பதுகூடக் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் ஆவுடையம்மாளுக்குக் காய்ச்சல், முகாமிலேயே படுத்திருந்தாள். அன்று திரை கொள்ளாத பேச்சு என்று எபனேசர் ஓடிவந்து சொன்னான். மறுநாள் அவள் பரணேறினாள். கோடுகள் அணைந்தன. இறங்கி நாலு கிலோமீட்டர் தள்ளி முகாமுக்குப் போனாள். எரிந்தன. ஏறினாள். அணைந்தன.

எபனேசர் துள்ளினான். "அத்தை! நீங்க ஏணியில கால் வைக்கும்போது ஒரு சத்தம் வருது, கவனிச்சீங்களா? குட்டியா, அரை விநாடி. முதல்ல பண்ணையாரம்மா, பெறவு வரிசையா எல்லாரும் கடத்துதாங்க. எங்க பதிவுல எங்கேயுமே இல்லாத சத்தம். வேற யாரு ஏறினாலும் வரலை. பேரு அத்தை! உங்களுக்குப் பேரு வச்சிருக்காங்க! உலகத்துல எந்த மனுசனுக்கும் யானைங்க பேரு வச்சதில்லை! இதை எழுதினா போதும், நம்மளை..."

"போடு, கேப்போம்."

போட்டான். அவள் ஒரே தடவைதான் கேட்டாள்.

"என்ன சொல்லுதாங்க அத்தை?"

"பேருதான்லே" என்றாள். "பேரு மட்டும் இல்லை. 'அவ வாரா'ங்கா."

எபனேசரின் கை, எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றது.

கீழே பண்ணையாரம்மாவும் தங்கச்சியும் ஒரே குழியில் தும்பிக்கை விட்டு நின்றார்கள். என்ன பேசி ராசியானார்கள், யார் முதலில் இறங்கி வந்தாள், எதுவும் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. ஆவுடையம்மாள் பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தேனீ ஒன்று வந்து கண்ணோரத்தில் உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை.

"எபி, அவங்க பேச்சுல 'மன்னிச்சுக்கோ'ன்னு ஒரு சொல்லு இருக்கா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். "இருக்கணும் அத்தை. ஆனா இன்னும் கெடைக்கலை. நிறைய பேச்சு கேட்டாத்தான் கண்டுபிடிக்க முடியும். உங்களை மாதிரி வேற யாராலயும் அதைக் கேட்டுச் சொல்லவும் முடியாது."

"நான் இருந்தா பேச மாட்டாளுவளே."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"எஸ்தெலுக்குச் சொல்லிக் குடு. தம்பி விசயமா அவளும் காத்துக்கிட்டு இருக்கவதான், அவ காதுக்குப் பிடிபடும். கெடச்சுதுன்னா முகாமுக்கு வந்து சொல்லு. பத்து வருசம் ஆனாலும் சரி."

யானைப் பாதை தெரு மாதிரி அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் விழுந்து கிடந்த பழங்களின் புளிப்பு வாசனை. தலைக்கு மேலே இருவாச்சிப் பறவை ஒன்று ரயில் எஞ்சின் போலச் சிறகடித்துப் போயிற்று. அரை கிலோமீட்டர் போயிருப்பாள். உள்ளங்காலில் என்னவோ கூசியது. நின்றாள். காதுக்கு ஒன்றும் எட்டவில்லை; தரை மட்டும், தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் பாத்திரம்போல, மெல்ல அதிர்ந்து அதிர்ந்து நின்றது. யாரோ ஆரம்பித்துவிட்டு, அவள் நின்றது தெரிந்ததும் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆவுடையம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பேச வேண்டியது அவர்களுக்கு நிறைய இருக்கும். நடையை எட்டிப் போட்டாள்.